ஏகாம்பரத்தின் பிரஷ்ஷும் இரண்டு கோதண்டங்களும்

ரத்தத்தைச் சோதித்து இன்னார் பிள்ளை என்று சொல்லும் வசதியெல்லாம் வராத காலத்துக் கதை இது. ஆகவே பாதியில் கையைத் தூக்கி அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். பேசாமல் கேளுங்கள், கடைசியில் கேள்வி கேட்பது என் வேலை.

வாணியம்பாடியில் ஏகாம்பரம் என்று ஒரு தபால்காரர் இருந்தார். மனைவி சிந்தாமணி. ஒரே மகன் கோதண்டம், ஐந்து வயது. தினமும் காலையில் ஏகாம்பரம் சவரம் செய்யும்போது பையன் எதிரே வந்து கன்னத்தை நீட்டுவான். அவரும் பிரஷ்ஷால் அவன் கன்னத்தில் ஓர் இழுப்பு நுரை தடவிவிடுவார்.

ஒருநாள் ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் பையனை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். திரும்பி வந்தால் பெஞ்சு காலி. தேடாத ஊரில்லை, வேண்டாத சாமியில்லை. பிள்ளை போனது போனதுதான்.

அதன்பிறகு என்ன சவரம் வேண்டிக் கிடக்கிறது? ஒரு வருஷம் தாடியோடு கிடந்தார் மனுஷன். மாடத்தில் கிடந்த பிரஷ்ஷின் முடியைப் பூச்சி அரித்தது. தங்கை கல்யாணத்துக்காகச் சொந்தக்காரர்கள் பிடித்து உலுக்கிய பிறகுதான் மறுபடி சவரம் செய்துகொண்டார். சிந்தாமணியோ அந்த மாடத்தின் பக்கமே திரும்புவதில்லை. பிரஷ்ஷைப் பார்த்தால் பிள்ளையின் நுரை அப்பிய கன்னம் கண்ணில் வந்து நிற்கும், அழுகை பீறிட்டுவிடும்.

காலம் ஓடியது. ஏகாம்பரம் போய்ச் சேர்ந்தார். சிந்தாமணியும் படுத்த படுக்கையானாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை, தன் சிதைக்குத் தன் வயிற்றில் பிறந்தவன் கொள்ளி வைக்க வேண்டும் என்பது. பேப்பரில் விளம்பரம் கொடுக்கச் சொன்னாள்.

இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவரும் அநாதை விடுதியில் வளர்ந்தவர்கள். இருவருமே ஸ்டேஷன் பெஞ்சைச் சொன்னார்கள். முதலில் வந்தவன் இரண்டு நாளாக அந்த வீட்டிலேயே தங்கி, அந்த மாடத்துக் கண்ணாடியின் முன்னால்தான் சவரமும் செய்துகொண்டான். இரண்டாமவன் அப்போதுதான் ரயிலைவிட்டு இறங்கி நேரே வந்திருந்தான்.

சிந்தாமணி இருவரையும் தனித்தனியே அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டாள். "அப்பா உன் கன்னத்துல நுரை தடவுவாரே, அது எப்பிடிப்பா இருக்கும்?"

"மெத்துன்னு இருக்கும்மா, பூனைக்குட்டி உரசுற மாதிரி" என்றான் முதலாமவன்.

"குத்தும்மா. நான் கத்துவேன், அப்பா சிரிப்பாரு" என்றான் இரண்டாமவன்.

சிந்தாமணி பிரஷ்ஷை எடுத்துவரச் சொல்லித் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. முடிந்தது வழக்கு. இரண்டாமவன் சண்டை போடவில்லை. "எனக்கு அவ்வளவுதாம்மா ஞாபகம்" என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினான். விஷயம் அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அப்பன் பிரஷ்ஷால் பிள்ளை சவரம் செய்துகொள்ளட்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் பிரஷ் முடி உதிர்த்துக்கொண்டிருந்தது. பழைய பிரஷ்களுக்குப் புதுக் குஞ்சம் வைத்துக் கொடுக்கும் வாஹித் பாயிடம் அனுப்பினாள். பாயிடம் ஒரு கண்டிப்பு உண்டு. பன்றி முடி பிரஷ் என்றால் கையால் தொடமாட்டார். வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இது வெள்ளாட்டு முடி, பழுதில்லை என்று வாங்கிக்கொண்டார்.

வெந்நீரில் ஊறவைத்துக் குஞ்சத்தைப் பிடுங்கினார். கைப்பிடியின் குழிக்குள் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னே எவனோ ஒரு சோம்பேறி, பழைய குஞ்சத்தின் அடியைச் சுரண்டி எடுக்காமல், மட்டமாக நறுக்கிவிட்டு அதன் மேலேயே வெள்ளாட்டு முடியை ஒட்டியிருந்தான். அடியில் கறுப்பாக, முள்முள்ளாகப் பன்றி முடி! சீச்சீ என்று கீழே போட்டுவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பாதிக் கழுவலில் கை நின்றுவிட்டது. "அட அல்லாவே" என்றார். அதே பிரஷ்ஷை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சிந்தாமணி வீட்டுக்கு ஓடினார்.

அங்கே முதலாமவன் மடியில் தலைவைத்துக் கிடந்தாள் அவள். மூச்சு மேலும் கீழும் இழுத்தது.

"எம்புள்ள வந்துட்டான் பாய். இனி எனக்கென்ன?"

"சந்தோஷம்மா" என்றார் பாய். துணிப் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். அன்று சாயங்காலமே அவள் கண்ணை மூடிவிட்டாள்.

மறுநாள் முதலாமவன் கொள்ளிச்சட்டி ஏந்தி நடந்தான். ஊரோடு பாயும் போனார். சுடுகாட்டு மதிலுக்கு வெளியே இரண்டாமவன் நின்றான். தலையை மழித்து, மீசையையும் எடுத்திருந்தான். "இவனுக்கு யாரு செத்தாங்களாம்?" என்று எவனோ கேட்கவும் நாலு பேர் சிரித்தார்கள். பாய் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கை சட்டைப்பைக்குள் இருந்தது, வாய் திறக்கவில்லை. சிதை பற்றி எரிந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சிந்தாமணி பெற்ற பிள்ளை யார்? வாஹித் பாய் வாயை மூடிக்கொண்டது சரியா?

விடை: தப்பாகச் சொன்னவன்தான் பிள்ளை. பூச்சி அரித்த குஞ்சத்தை ஏகாம்பரம் மாற்றியது பிள்ளை தொலைந்த பிறகு. ஐந்து வயதில் போனவனுக்குக் குத்திய முடிதான் தெரியும். மெத்தென்றவன் மாடத்தில் தொட்டுப் பார்த்துச் சொன்னான். பாய் விஷயத்தில் நான் பாதிக்குத்தான் தலையாட்டுவேன். சாகக் கிடந்தவளிடம் சொல்லாதது சரி. சுடுகாட்டில் சொல்லாதது பாவம். அங்கே அவர் யாருடைய மனசைக் காப்பாற்றினார்? அவள் பிணமாகக் கிடந்தாள். மொட்டைத் தலையோடு மதிலுக்கு வெளியே நின்றவன்தான் உயிரோடு இருந்தான்.