ஐந்தாவது புகை

“அவனோட இனி ஒத்து வராதும்மா,” என்றார் சேந்தன்.

சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆற்றுச் சமவெளி முழுவதையும் ஆளும் பேரரசர். கேட்டுக்கொண்டிருந்த மாசாத்தி, மலையடிவாரத்து ஓட்டு வீட்டில் தனியாக வாழும் துறவி. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஏழு வருடமாக அவள்தான் அவருக்குக் குரு. அரண்மனையில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. சேந்தன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

“யாரோட?”

“ஆதனோடதான். வேற யாரு என் உயிர வாங்குறது?”

ஆதன், எதிரே தெரிந்த மலையின் அரசன். குறும்பொறை அவன் நாடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒரே பகலில் குறுக்கே கடந்துவிடலாம். அவ்வளவுதான் அது.

“இந்த வருசம் மட்டும் நாலு தடவ உச்சியில தீ மூட்டிட்டான். புகையப் பாத்தா என் படை போயாகணும். ஒப்பந்தம் அப்படி. நாலு தடவயும் போச்சு. போனா, எதிரியும் இல்ல, ஈ காக்காவும் இல்ல. கோட்டை வாசல்ல நின்னுக்கிட்டு, வர்ற ஆளுங்கள கூழாங்கல் வச்சு எண்ணுறான். எல்லாருக்கும் தினைக்கஞ்சி ஊத்துறான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே ‘போயிட்டு வாங்க’ங்கிறான்.”

மாசாத்திக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“நான் அனுப்பின யானைக்கு மூஞ்சி பூரா மஞ்சளப் பூசித் திருப்பி அனுப்பினான். என் தூதுவர பத்து நாள் உக்கார வச்சுத் தாயம் ஆட வச்சான். மத்த ராசாங்க எல்லாம், ‘உன் ஆள அடக்க மாட்டியா’ன்னு என்னத்தான் கேக்குறாங்க.”

சேந்தன் மடியிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு செப்புத் தகடு. இரண்டு நாடுகளின் ஒப்பந்தமும் அதில் வெட்டியிருந்தது.

“நாளைக்குக் காலையில இத உருக்கப் போறேன். அதுக்கப்புறம் அவனுக்கு நம்ம உப்பும் கிடையாது, படையும் கிடையாது. நீங்க ஒரு வார்த்த சரின்னு சொன்னாப் போதும்.”

உப்பு விளையாத மலை அது. வண்டிகள் நின்றுபோனால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. மலைக்கு அந்தப் பக்கம் எப்போது நேரம் வரும் என்று காத்திருக்கும் எதிரிகளும் இருந்தார்கள். சேந்தனுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் உருக்குவதற்கு முன்னால் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

மாசாத்தி வாயைத் திறந்தாள்.

படார் என்று கூரையில் ஒரு கல் விழுந்தது. ஓடு உடைந்து இரண்டு பேருக்கும் நடுவில் சிதறியது. பேரரசரின் தலையில் சுள்ளென்று வெயில் அடித்தது.

வெளியே நின்ற தளபதி வாளை உருவினார்.

“உள்ள போடுங்கய்யா அத,” என்றபடி மாசாத்தி எழுந்து போய் வேலியோரம் நின்றாள்.

“இருக்கேன்!” என்று குரல் கொடுத்தாள்.

பதில் எதுவும் வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“யாரது?”

“பக்கத்துக் குடிசைல சாத்தன்னு ஒரு குயவர். கண்ணு தெரியாது. ஆனா குறி மட்டும் தப்பாது.”

“என்ன வேணுமாம் அவருக்கு?”

“ஒண்ணும் வேண்டாம்.”

“அப்புறம் எதுக்குக் கல்ல எறியிறாரு?”

மாசாத்தி அண்ணாந்து ஓட்டையைப் பார்த்தாள்.

“அந்தத் தகட்டக் கொஞ்சம் குடுங்க.”

சேந்தன் கொடுத்தார். குருவிடம் எதற்கு என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அவள் முக்காலியில் ஏறி, இரண்டு நாட்டு முத்திரையும் பதிந்த அந்தத் தகட்டை ஓட்டையில் செருகி, அசைகிறதா என்று தட்டிப் பார்த்தாள். வெயில் நின்றது.

சேந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அடுத்த கல் விழுந்தது. தகடு கணீர் என்றது.

மாசாத்தி எழுந்தாள். வேலியோரம் போனாள். “இருக்கேன்!” என்றாள். வந்தாள்.

“தினமும் இப்படியா?”

“நாலஞ்சு தடவ.”

“நான் ஒரு வார்த்த சொன்னா, ஆள வேற ஊருக்குக் கொண்டுபோய் விட்டுருவாங்க.”

“வேண்டாம் ராசா.” அவள் குரல் இறங்கியது. “போன ஆனியில அவரு குடிசைல சூளை நெருப்பு பத்திக்கிச்சு. என்னக் கூப்பிட்டாரு. எனக்குக் கேட்டுச்சு.”

“கேட்டுச்சா?”

“நல்லாவே கேட்டுச்சு. எப்பவும் போலச் சும்மா கத்துறாருன்னு நெனச்சேன். கையில இருந்த துணிய அலசிட்டுப் போவோம்னு இருந்துட்டேன். அவரு சம்சாரம் அதுல போயிட்டாங்க.”

“அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“கேக்கலன்னு சொன்னேன். அதோட அவரு என்னக் கூப்பிடுறதயே விட்டுட்டாரு. பக்கத்துலயே இருந்தும் ஒரு மாசம் ஒரு சத்தம் இல்ல. என்னால தாங்க முடியல. போய், கேட்டுச்சுன்னு சொல்லிட்டேன்.”

“அதுக்கு?”

“ஒண்ணும் சொல்லல. மறுநாள் மொதக் கல்லு விழுந்துச்சு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “திரும்பக் கூப்பிட்டுட்டாரேன்னு எனக்குச் சந்தோசத்துல அழுகையே வந்துருச்சு ராசா.”

சேந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் குறும்பொறையில் நிஜமாகவே எதிரி நுழைந்தான். மலையில் புகை எழுந்தது. சேந்தன் அப்போது இருபது வயது இளவரசன். அரண்மனை மாடத்தில் நின்று அதைக் கண்ணாரக் கண்டார். யானைப்படை வந்து சேரட்டும் என்று அவருடைய அப்பா சொன்னார். காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தபோது ஆதனின் அப்பா இறந்து கிடந்தார். தானியக் குதிருக்குள் ஒளிந்திருந்த ஒன்பது வயது ஆதனைச் சேந்தன்தான் தூக்கி வெளியே எடுத்தார்.

“புகை தெரியலயா அண்ணா?” என்று கேட்டான் அவன்.

“மேகம் மறைச்சிருச்சுப்பா,” என்று சொல்லிவிட்டார்.

அன்று வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லை.

வெளியே தளபதி செருமினார். “அரசே, மறுபடியும் மலையில புகை. ஐந்தாவது தடவை. படையைக் கிளப்பணுமா, இல்ல விட்டுறலாமா?”

சேந்தன் எழுந்தார்.

“படை வேண்டாம். என் குதிரை போதும்.”

“தகடு?” என்றாள் மாசாத்தி.

“அது அங்கயே இருக்கட்டும்மா. எடுத்தா வெயில் அடிக்கும்.”

பொழுது சாய்வதற்குள் குறும்பொறைக் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டார். ஐம்பத்தொரு வயதில் அந்த மலையேற்றம் இடுப்பை ஒடித்துவிட்டது. குதிரையும் நுரை தள்ளி நின்றது.

வாசலில் ஆதன் நின்றான். கை நிறையக் கூழாங்கற்கள். எப்போதும் போலச் சிரிப்பதற்குத் தயாராக உதடு கோணியிருந்தது. சேந்தனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பாதை காலியாகக் கிடந்தது.

“படை எங்க, பேரரசரே?”

“வரல.”

“எதிரி வந்திருந்தா?”

“நான் வந்திருக்கேன்ல.”

ஆதன் ஒரு கல்லை எடுத்து வாசற்படியில் வைத்தான். கையில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பு வரவில்லை. நாற்பது வயது முகம் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறியது.

“புகை தெரிஞ்சுதா அண்ணா?”

“தெரிஞ்சுது,” என்றார் சேந்தன். “அன்னைக்கும் தெரிஞ்சுது, ஆதா.”

ஆதன் கையிலிருந்த கற்கள் எல்லாம் உதிர்ந்தன.