போர்வைக்குக் கீழ ஒரு பஜார்

ஒரு ஊர்ல ஒரு சர்வேயர் இருந்தா. பொம்பள சர்வேயர். பேரு ஜெயக்கனி. சர்வேயர்னா யாரு தெரியுமா? உன் எடம் எதுவரைக்கும், என் எடம் எதுவரைக்கும்னு சங்கிலி பிடிச்சு அளந்து சொல்றவங்க. காலையில தொப்பி மாட்டிக்கிட்டு ஸ்கூட்டர்ல டுர்ர்ர்னு கெளம்பிருவா. வெயில்ல நின்னு, சண்டைபோடுற ரெண்டு பங்காளிக்கு நடுவுல நின்னு, ரெண்டு பேருகிட்டயும் திட்டு வாங்கி, அளந்து முடிச்சு சாயங்காலம் வீட்டுக்கு வருவா. ம் கொட்டு.

ம்.

வந்ததும் மூஞ்சி கழுவுவா, காப்பி குடிப்பா, அப்புறம் நேரா கடைசி ரூமுக்குப் போயி கதவைச் சாத்திக்குவா. உள்ள இருந்து சத்தம் கேக்கும். சளசள சளசள. அப்புறம் டக். மறுபடி சளசள. டக், டக்.

என்ன பண்றா? கட்டை அடுக்குறா. உன்கிட்டகூட இருக்கே, மேல குமிழு குமிழா இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அமுக்குனா டக்குனு பிடிச்சுக்கும், அந்தப் பிளாஸ்டிக் கட்டைதான். ஆனா அவளுக்கு வயசு முப்பத்திரெண்டு.

எப்படி வந்துச்சு இந்தப் பழக்கம்னு கேளு. கூட வேலை பாக்குறவங்க வீட்டுல குழந்தைக்குப் பொறந்தநாளுன்னு ஒரு டப்பா வாங்குனா. அப்போ பாத்து அந்தக் குழந்தைக்கு அம்மை போட்டுருச்சு, விசேஷம் நின்னுபோச்சு. டப்பா மேசையில இருந்துச்சு. சும்மா தொறந்து பாப்போமேன்னு தொறந்தா. சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தொறந்தவ, அம்மா வந்து சாப்பிடக் கூப்பிட்டப்போ, "ஒரே ஒரு சன்னல் பாக்கிம்மா"ன்னா. அந்தக் குழந்தைக்கு அப்புறம் ஒரு சைக்கிள் பொம்மை வாங்கிக் குடுத்தா, பாவம்.

அதுலேருந்து ஆறு வருஷம். மாசம் ஒரு டப்பா. கடைசி ரூமு முழுக்க ஒரு பலகை போட்டு, அது மேல ஒரு பஜாரையே கட்டிட்டா. பாத்திரக்கடை, டீக்கடை, சலூன், பூக்கடை, நடுவுல ஒரு மணிக்கூண்டு, டீக்கடை வாசல்ல ஒரு நாயி. செவப்பு தனி டப்பா, மஞ்ச தனி டப்பா. டப்பா பத்தலைன்னு அம்மாவோட அஞ்சறைப்பெட்டியையும் எடுத்துட்டா. ஒரு நாளு அவங்க அம்மா சொர்ணம், கண்ணாடி போடாம அந்தப் பெட்டியைத் தொறந்து, கடலைப்பருப்புன்னு நெனச்சு சின்ன மஞ்சக் கட்டையை அள்ளி எண்ணெயில போட்டுட்டாங்க. சொய்ய்ய்ங். வீடு பூரா ஒரே நாத்தம். அன்னிக்கு ரசம் இல்ல, வெறும் மோருதான்.

ம்.

அப்புறம் ஜெயக்கனிக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற அன்னிக்கெல்லாம் சொர்ணம் அந்தப் பஜாரு மேல பெரிய போர்வையைப் போட்டு மூடிருவாங்க. "கேட்டா நெல்லு மூட்டைன்னு சொல்லிக்கலாம்"பாங்க. "டவுனுக்குள்ள நமக்கு ஏதும்மா நெல்லு"ன்னு ஜெயக்கனி கேப்பா. "நீ வாயை மூடு"ம்பாங்க.

மொத மாப்பிள்ளை வந்தாரு. மதுரையில இன்ஜினியரு. நல்ல உசரம். கூட அவரு மாமா ஒருத்தர் வந்தாரு. அந்த மாமாவுக்கு ஒரு எடத்துல உக்காரவே தெரியாது. வீட்டைச் சுத்திப் பாக்குறேன்னு வெறுங்காலோட கடைசி ரூமுக்குள்ள போயிட்டாரு. தரையில ஒரே ஒரு கட்டை கெடந்துச்சு. காலை வச்சாரு பாரு, "யம்மாடியோ"ன்னு ஒத்தக்கால்ல தக்கு தக்குன்னு குதிச்சு, போர்வையைப் பிடிச்சு இழுத்து, பஜாரு மொத்தமும் வெளிய தெரிஞ்சுபோச்சு.

மாப்பிள்ளை ஓடி வந்து பாத்தாரு. "வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?"ன்னு கேட்டாரு.

"இல்ல. என்னோடதுதான்"னா ஜெயக்கனி.

அவரு சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சுட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் எங்க அக்கா பையனுக்குக் குடுத்துறலாம், அவனுக்கு அஞ்சு வயசு"ன்னாரு.

"அவனுக்கு வேணும்னா நான் வேற வாங்கித் தர்றேன். இதைக் குடுக்க மாட்டேன்"னா அவ. அவங்க காப்பியை வச்சது வச்சபடியே கெளம்பிட்டாங்க. மாமா மட்டும் நொண்டிக்கிட்டே போனாரு.

அப்புறம் ரெண்டாவது மாப்பிள்ளை. தூத்துக்குடிக்காரரு. இவருகிட்ட ஜெயக்கனி முன்னாடியே சொல்லிட்டா, எதுக்கு ஒளிச்சுக்கிட்டுன்னு. அவரு, "அடடே, காட்டுங்க"ன்னாரு. சுத்திச் சுத்தி வந்து பாத்தாரு. "பிரமாதம்"னாரு. ஜெயக்கனிக்கு ஒரே சந்தோசம். பூக்கடையைக் கையில எடுத்துக் குடுத்தா. அவரு அதைத் திருப்பிப் பாத்துட்டுச் சொன்னாரு, "நல்லா ஸ்ட்ராங்கான பசையா வாங்கி எல்லாத்தையும் ஒட்டிருவோம். கண்ணாடி அலமாரி போட்டு ஹாலுல வச்சா, வர்றவங்க பாப்பாங்க."

"ஒட்டிட்டா திரும்பக் கழட்ட முடியாதே"ன்னா ஜெயக்கனி.

"எதுக்குக் கழட்டணும்?"ன்னாரு அவரு.

கழட்டாம எப்படித் திரும்பக் கட்டுறது? பூக்கடையை அவரு கையிலேருந்து மெதுவா வாங்கி வச்சுட்டு, "நீங்க ரொம்ப நல்லவரு"ன்னா. அவருக்கும் புரிஞ்சுபோச்சு.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

சரி. அப்போ அவங்க அப்பா பால்ராசு வந்து அவ பக்கத்துல உக்காந்தாரு. அவரு அதிகம் பேசாத ஆளு. "கனி, இன்னும் ஒரே ஒரு எடம் வருது. இதுவும் இந்தக் கட்டையால தட்டிப்போச்சுன்னா, எல்லாத்தையும் பால்வாடிக்குக் குடுத்துருவோமா?"ன்னாரு. கோவமாச் சொல்லியிருந்தா அவ சண்டை போட்டிருப்பா. அவரு கெஞ்சுற மாதிரி கேட்டாரு. அவளால முடியாதுன்னு சொல்ல முடியல. "சரிப்பா"ன்னுட்டா. அன்னிக்கு ரூமுக்குள்ள போயி, எதையும் கட்டாம சும்மா உக்காந்திருந்தா. டக்குன்னு ஒரு சத்தம் வரல. வெளிய அம்மாவும் அப்பாவும் அந்தச் சத்தம் வருதா வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டே இருந்தாங்க.

மூணாவது எடம் இருக்கே, அது சாதாரண எடம் இல்ல. மாப்பிள்ளை பேரு செல்வதிரவியம். ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியாரு. வயசு முப்பத்தாறு. ஏன் இவ்வளவு நாளு கல்யாணம் ஆகல? அவரு அம்மா மரகதத்தம்மாதான் காரணம். பதினோரு பொண்ணை வேண்டாம்னுட்டாங்க. ஒருத்தி ரொம்பச் சிரிக்கிறாளாம். ஒருத்தி சிரிக்கவே மாட்டேங்குறாளாம். ஒருத்தி வீட்டுச் சுவரு கோணலா இருக்காம். சுவரு கோணலா இருந்தா அந்தப் பொண்ணு என்ன பண்ணும், சொல்லு.

இதைத் தரகர் சொன்னதும் சொர்ணத்துக்குக் கையும் ஓடல காலும் ஓடல. போர்வையைப் போட்டு, நாலு மூலையிலயும் கயிறு போட்டுக் கட்டி, கதவுலயும் ஒரு நாற்காலியைச் சாத்தி வச்சாங்க.

வந்தாங்க மரகதத்தம்மா. ஒல்லியா, கறுப்பா, கையெல்லாம் காய்ச்சுப்போயி. யாரையும் பாக்கல, மொதல்ல சுவரைத்தான் பாத்தாங்க. ஒரு தட்டு தட்டுனாங்க. ம்ம்னாங்க. அப்புறம் ஜெயக்கனியை ஏற எறங்கப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. கேசரியைச் சாப்பிட்டாங்க. அதுக்கும் ஒண்ணும் சொல்லல.

அப்புறம் எழுந்திரிச்சு, "மதினி, பாத்ரூமு எந்தப் பக்கம்?"ன்னாங்க.

சொர்ணம் பதட்டத்துல சோத்துக்கை பக்கம் காட்டுறதுக்குப் பதிலா பீச்சாங்கை பக்கம் காட்டிட்டாங்க.

போனாங்க. கர்ர்ர்னு நாற்காலியை நகத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சத்தமே இல்ல. அஞ்சு நிமிசம் ஆச்சு. பத்து நிமிசம் ஆச்சு. காப்பியில ஆடை படிஞ்சுபோச்சு. செல்வதிரவியம் கடிகாரத்தையும் ஜெயக்கனியையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. சொர்ணம் கும்பிடாத சாமி இல்ல.

அப்போ கேட்டுச்சு. டக்.

எல்லாரும் நிமிந்தாங்க. மறுபடி, டக், டக்.

ஜெயக்கனிதான் மொதல்ல எழுந்திரிச்சுப் போனா. கயிறெல்லாம் அவுந்து கெடக்கு. போர்வை மடிச்சு ஓரமா இருக்கு. மரகதத்தம்மா தரையில சம்மணம் போட்டு, கண்ணாடி மூக்கு நுனியில, மடியில பஜாரோட மணிக்கூண்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. பாதி மணிக்கூண்டு. மீதியைப் பிரிச்சுப் போட்டுட்டாங்க.

அந்த மணிக்கூண்டு ஜெயக்கனிக்கு நிக்கவே மாட்டேங்குது. நாலு பக்கமும் கடிகாரம் அழகா வரணும்னு நாலு சுவரையும் தனித்தனியாப் படுக்க வச்சுக் கட்டி, அப்புறம் தூக்கி நிறுத்துவா. ஃபேனைப் போட்டா பொலபொலன்னு விழுந்துரும். மூணு தரம் விழுந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல.

"இது யாரு கட்டுனது?"ன்னாங்க மரகதத்தம்மா, தலையை நிமித்தாம.

"நான்தான்."

"மூலையில கட்டே இல்ல தாயி. நாலு சுவரும் ஒண்ணுக்கொண்ணு மொகம் குடுக்காம நிக்குது. இந்தச் சுவத்துக் கல்லு அந்தச் சுவத்துக்குள்ள போகணும், அந்தச் சுவத்துக் கல்லு இதுக்குள்ள வரணும். இந்தா, இப்படி." டக். டக். "இப்போ ஆட்டு."

ஜெயக்கனி ஆட்டுனா. அசையல. ஃபேனைப் போட்டா. ம்ஹூம், கல்லு மாதிரி நிக்குது.

"எப்படி அத்தை தெரியும்?"னு கேட்டா. அத்தைன்னு வாயில வந்துருச்சு, அவளுக்கே தெரியல.

"எங்க வீட்டுக்காரரு கொத்தனாரு. நான் சித்தாளு. இருபத்தியாறு வருசம் செங்கல்லு சொமந்திருக்கேன். தலையில பத்துக் கல்லு வச்சு மூணாவது மாடி வரைக்கும் ஏறுவேன்"னாங்க. சொல்லிக்கிட்டே ஒரு செவப்புக் கட்டையை எடுத்து வெரலால தடவுனாங்க. "எடுத்து எடுத்துக் குடுத்திருக்கேன். ஒரு கல்லுகூட நான் வச்சதில்ல. பொம்பளைய வைக்க விடமாட்டாங்க. அவரு உசுரோட இருந்தவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன், ஒரு வரிசையாச்சும் வச்சுப் பாக்குறேன்யான்னு. நாளைக்கி நாளைக்கின்னாரு."

ஜெயக்கனி செவப்பு டப்பாவை எடுத்து அவங்க பக்கத்துல தள்ளி வச்சா. அவளும் தரையில உக்காந்தா.

அப்போ சொர்ணம் உள்ள வந்து பாத்து பயந்துபோயி, "மதினி, தப்பா நெனைச்சுக்காதீங்க. நாளைக்கே இதையெல்லாம் தூக்கிப் போட்டுருவோம், பால்வாடியில கேட்டிருக்காங்க"ன்னாங்க.

மரகதத்தம்மா கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாத்தாங்க. "தூக்கிப் போட்டா இந்தச் சம்பந்தம் வேண்டாம்"னாங்க.

கதவுகிட்ட செல்வதிரவியம் நின்னுக்கிட்டு இருந்தாரு. அவங்க அம்மா மொகம் சின்னப்பொண்ணு மாதிரி இருக்குறதை அவரு பாத்துக்கிட்டே இருந்தாரு. ஜெயக்கனி அவரை நிமிந்து பாத்தா. அத்தைக்குப் பிடிச்சா போதுமா? "நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டா.

அவரு தரையில கெடந்த கட்டையைப் பாத்தாரு. "எனக்குக் கட்டத் தெரியாது. கால்ல மிதிக்காம நடந்துக்குறேன்"னாரு.

ஜெயக்கனிக்குச் சிரிப்பு வந்துருச்சு. சரின்னு தலையாட்டிட்டா.

ம்... ம்.

அப்புறம் டும்டும்டும், கல்யாணம் முடிஞ்சுது. மாப்பிள்ளை வீட்டுக்கு பஜாரு ஒரு குட்டி யானை வண்டியில தனியாப் போச்சு, போர்வை இல்லாம, ஊரே பாக்க. மாமியாரும் மருமகளும் சாயங்காலமானா ஒரு பாயி விரிச்சு உக்காந்துருவாங்க. சண்டை வராதான்னு கேளு. வரும். "நாலு குமிழு வெள்ளைக் கட்டையை எங்க வச்ச?" "நீங்கதான் அத்தை நேத்து எடுத்தீங்க." "நான் எடுத்தது எட்டுக் குமிழு." இப்படியே போகும். செல்வதிரவியம் அடுப்படியில தோசை சுட்டுக்கிட்டு இருப்பாரு, காலைப் பாத்துப் பாத்து வச்சு.

ஆறாவது மாசம் மரகதத்தம்மா ஒரு வீடு கட்டி முடிச்சாங்க. சொந்தமா, படம் எதுவும் பாக்காம. ஒரு முழம் ஒசரம். முன்னாடி வராண்டா, பின்னாடி கெணறு, மாடிப்படி. ஒரு கல்லுகூட வேற யாரும் வைக்கல. ஜெயக்கனி தன்னோட சர்வே டேப்பை எடுத்து நாலு பக்கமும் அளந்து பாத்தா. இம்மிகூடக் கோணல் இல்ல.

"அப்போ நல்ல நாளு பாத்துப் பால் காய்ச்சிருவோம்"னாங்க மரகதத்தம்மா. வெளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சா, தெருவுல எல்லாரையும் போயிக் கூப்பிட்டுட்டு வந்துட்டாங்க. எல்லாரும் குளிச்சு, பட்டு கட்டி, தட்டுல பழம் வச்சுக்கிட்டு வந்து பாத்தா, வீடு மேசை மேல இருக்கு. உள்ள போகணும்னா ஒரு வெரலுதான் போகும். வந்தவங்க ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தாங்க. ஆனா பால் நெசமாவே பொங்குச்சு, கேசரியும் நெசம், அதனால எல்லாரும் சாப்பிட்டுட்டு, "வீடு நல்ல காத்தோட்டமா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அவங்க போனப்புறம் ஜெயக்கனி உள்ள போயி ஒரு தாம்பாளத்தோட வந்தா. வீடு கட்டி முடிச்சா கொத்தனாருக்கு வேட்டி துண்டு வச்சுக் குடுப்பாங்க. சித்தாளுக்கு அன்னிக்கி ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம், புதுசா ஒரு வேட்டி, ஒரு துண்டு இருந்துச்சு.

"எனக்கு எதுக்குடி வேட்டி?"ன்னாங்க மரகதத்தம்மா.

"கொத்தனாருக்குக் குடுக்குறது அதுதானே அத்தை"ன்னா ஜெயக்கனி.

அவங்க வேட்டியை எடுத்து மகன் தோள்ல போட்டாங்க. துண்டை மட்டும் எடுத்து ரெண்டு சுத்து சுத்தி, தலையில உருமா கட்டிக்கிட்டாங்க. அன்னிக்குப் பூரா அதை அவுக்கல. கடைக்குக்கூட அதோடதான் போனாங்க.

அம்புட்டுதான். அவங்க வீட்டுல பால் பொங்கிருச்சு, நம்ம வீட்டுல கதை எறங்கிருச்சு. ம் சொல்லு.

...

சரி சரி, சொல்ல வேண்டாம். தூங்கு.