ஆடியில் குடிவந்த பன்னிரண்டு குடும்பங்கள்

“பக்கத்து நாட்டு ராஜா படுத்துக்கொண்டே வாடகை வாங்குகிறான். நான் உட்கார்ந்து உட்கார்ந்து வரி கேட்டு வாய் வலிக்கிறது. எனக்கு மட்டும் ஏன் ஒரு வாடகை வீடு இல்லை?”

முன்னொரு காலத்தில் நெல்லிப்பாடி நாட்டை ஆண்ட கோடையிடி ராஜா, மோர் குடித்த வாயைக்கூடத் துடைக்காமல் சொன்னது இது, எழுத்துப் பிசகாமல். ஒரு மாதமாக இதே பாட்டு. ராணி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். அரண்மனைக்குப் பாலும் மோரும் ஊற்றுகிற சிட்டம்மாவுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு கையிலும் குடம்.

கஜானா அதிகாரி அம்பலநாதருக்கு இது போதாதா? அவருடைய மைத்துனனுக்குக் கடைத்தெருவில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு, வாங்க ஆளில்லாமல் கிடந்தது. மனிதர் ஓலையை விரித்தார். வீட்டுக்குப் பத்துப் பொன் வாடகை என்றால் மாதம் நூற்றிருபது. வீடுகளை வாங்கக் கடன் எடுத்தால் வட்டி மாதம் நூறு. மிச்சம் இருபது பொன் தானாக வந்து மடியில் விழும். அடமானத்துக்கு அல்லிமேட்டைக் கொடுத்தால் போயிற்று, வெறும் புல்தானே என்றார்.

சிட்டம்மா இரண்டு குடத்தையும் கீழே வைத்தாள். அவளுடைய பதினாறு எருமையும் மேய்வது அந்த மேட்டில்தான். வட்டி தவறினால் மேடு வட்டிக்காரனுக்கு. அப்புறம் எருமை எதைத் தின்னும், அம்பலநாதரின் ஓலையையா?

“மகாராஜா, வருஷத்தில் இரண்டு மாசம் வீடு காலியாகக் கிடந்தால் இருநூற்று நாற்பது பொன் போச்சு. உங்கள் வருஷ லாபமே அவ்வளவுதான். சுண்ணாம்பு அடிக்கிற செலவு யார் தலையில்?”

ராஜா மீசையைத் தடவியபடி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். தாம் வாய் திறந்தால் கொட்டாவி விடுகிற ராஜா, ஒரு மோர்க்காரி பேசினால் மட்டும் காது கொடுக்கிறாரே என்று அம்பலநாதருக்கு நெடுநாள் எரிச்சல்.

“பாலில் தண்ணீர் ஊற்றுகிறவளுக்கு முதலீட்டைப் பற்றி என்ன தெரியும்?”

“நான் ஊற்றுகிற தண்ணீருக்காவது ஓர் அளவு உண்டு ஐயா.”

சபை சிரித்தது. ராஜா சிரித்து முடித்துவிட்டு, நேரில் போய்ப் பார்ப்போம், வீடெல்லாம் நிறைந்திருந்தால் அங்கேயே முத்திரை குத்திவிடுகிறேன் என்று பல்லக்கில் ஏறினார். அம்பலநாதரும் சிட்டம்மாவும் பின்னால் நடந்தார்கள்.

போனால், பன்னிரண்டு வாசலிலும் கோலம், பன்னிரண்டு கொடியிலும் துணி. குடித்தனக்காரர்கள் கும்பிட்டபடி வெளியே வந்தார்கள். எப்போது வந்தீர்கள் என்று ராஜா கேட்க, போன வாரம்தான், இந்தத் தெருவில் வீடு கிடைக்க அடிதடியே நடக்கிறது என்று எல்லோரும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். ராஜா குதிகாலில் நின்று ஆடாத குறை. முத்திரை மோதிரத்தைக் கழற்றியே விட்டார்.

போன வாரமா? சிட்டம்மா நாளை எண்ணிப் பார்த்தாள். ஆடி பிறந்து பதினைந்து நாள் ஆகிறது. ஆடியில் எவனாவது பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு புது வீட்டுக்குப் போவானா? பால் காய்ச்ச அவளிடம் ஒரு ஆழாக்குக்கூட யாரும் வாங்கவில்லையே. பிறந்ததிலிருந்து அரண்மனை விடுதியிலேயே தூங்கி எழுந்த அம்பலநாதருக்கு வீடு மாறுகிற சங்கதி எங்கே தெரியும்?

அதைச் சொன்னாள். அவர்கள் வெளியூர்க்காரர்கள், அங்கெல்லாம் ஆடி பார்ப்பதில்லை என்று அம்பலநாதர் மழுப்பினார்.

“சரி. வீடு கை மாறினால் குடித்தனக்காரர் கொடுத்த முன்பணத்தைப் பழைய சொந்தக்காரர்தானே திருப்பித் தரவேண்டும்? இப்போதே தரச் சொல்லுங்கள் மகாராஜா. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர்களே சொல்லட்டும்.”

நியாயம்தான் என்றார் ராஜா. விற்கிறவனுக்கு ஜாமீன் போட்டவர் அம்பலநாதர், ஆகவே அவரே கொடுக்கட்டும்.

முதல் வீட்டுக்காரன் எச்சில் விழுங்கி இருபது பொன் என்றான். அடுத்தவன் ஐம்பது. அதைக் கேட்டதும் மூன்றாமவனுக்கு நூறு ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வீட்டில் நானூறு, கூட ஒரு காப்பு. முதல் வீட்டுக்காரன் ஓடிவந்து, தான் சொன்னது பாதிதான் என்றான். பன்னிரண்டாமவன் ஆயிரம் பொன்னோடு ஒரு யானையும் கொடுத்தானாம்.

அம்பலநாதரின் முகம் பழுத்த மிளகாயாகியிருந்தது.

“அடப்பாவிகளா, ஒருநாள் கூலிக்கு வந்த பயல்கள் நீங்கள்! எவனாவது ஒரு காசு கொடுத்தீர்களா?”

“அந்தக் கூலியும் இன்னும் வரவில்லையே ஐயா,” என்றான் யானைக்காரன்.

ராஜா சிரித்த சிரிப்பில் பல்லக்கின் ஒரு கால் முறிந்தது. மோதிரம் விரலுக்குத் திரும்பியது. அல்லிமேட்டை எந்த ராஜாவும் அடகு வைக்கக் கூடாது என்று கல்லில் வெட்டச் சொன்னார். இனி அரண்மனைக்கு எந்த வீடு பார்த்தாலும் சிட்டம்மா பார்த்துச் சரியென்ற பிறகுதான் ஓலையே விரியும் என்றார். அம்பலநாதருக்கும் ஒன்று கிடைத்தது. ஒருநாளும் காலியாகாத வீடல்லவா, பன்னிரண்டையும் அவரே ஒரு வருஷத்துக்கு மைத்துனனிடம் வாடகைக்கு எடுக்க வேண்டும், வீட்டுக்குப் பத்துப் பொன், அவர் எழுதிய அதே வாடகை.

ஐப்பசி பிறந்ததும் அடைமழை பிடித்துக்கொண்டது. அம்பலநாதர் நாலாம் வீட்டிலிருந்து ஐந்தாம் வீட்டுக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினார், அங்கிருந்து ஆறாம் வீட்டுக்கு. கடைசியில் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு மைத்துனன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“மாப்பிள்ளை, கூரை ஒழுகுகிறது. நாலு ஓடாவது மாற்றிக் கொடுப்பா.”

உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும் கேட்டது.