துண்டுக்குள் ஒரு கை

ஆறு வாரமாகச் சீனியம்மாளின் காளைகளை யாரும் விலை கேட்கவில்லை. காளைகளில் குறை இல்லை. விற்க வந்தவள் பெண், அதுதான் குறை.

அந்தச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. விற்பவரும் தரகரும் ஒரு துண்டுக்கடியில் கைகோத்து, விரலைத் தொட்டே விலை முடிப்பார்கள். தரகர்கள் எல்லாரும் மாமன் மச்சான்கள். ஊரான் வீட்டுப் பெண்ணின் கையைப் பிடிப்பதா என்று நகர்ந்துகொண்டார்கள். வாய்விட்டு விலை சொல்லிப் பார்த்தாள். "இது சந்தையா, கூத்துக் கொட்டகையா?" என்று சிரித்தார்கள்.

மெலிந்து கிடந்ததை வாங்கித் தேற்றிய சோடி அது. விற்றால் அடுத்த சோடி வாங்குவாள். விற்காவிட்டால் பழையபடி சூளையில் செங்கல் சுமக்க வேண்டியதுதான்.

தரகர்களில் மூத்தவர் மாசிலாமணிக்கு மனசு உறுத்தியது. தன் குருவான தவமணி அம்மையிடம் போனார். அம்மை அவரைவிட இருபது வயது இளையவர்.

"அம்மா, நாங்கள் கெட்டவர்கள் இல்லை. உறவுக்குள் நடக்கிற தொழில். உறவில்லாதவளுக்கு இதில் வழி உண்டா?"

அம்மை எழுந்து சந்தைக்கு நடந்தார். மாசிலாமணியின் தோள்துண்டை உருவித் தன் கைமேல் போட்டு நீட்டினார்.

"காளைக்கு விலை வை."

மாசிலாமணி பதறிப்போய்க் காலில் விழுந்தார். "உங்கள் கையை நான் எப்படித் தொடுவது?"

"காலைத் தொட்டுவிட்டாய். கை மட்டும் என்ன செய்தது?"

மாசிலாமணி எழுந்து நின்றார். அம்மை துண்டை எடுத்துச் சீனியம்மாளின் கைமேல் போட்டார். "காளை இவளுடையது. பேச்சும் இவளோடுதான்."

"மாமா, அத்தைக்குத் தெரிஞ்சா இன்னைக்குச் சோறு கிடையாது" என்றான் ஓர் இளவட்டம்.

"சோறு நான் போடுறேன். நீங்க விலையை வைங்க" என்றாள் சீனியம்மாள்.

மாசிலாமணி துண்டுக்குள் கையை விட்டார். முதல் விலைக்கு அவள் மசியவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்குத்தான் தலையசைத்தாள். கயிறு கைமாறியது.

அதற்கப்புறம்தான் அவருக்குப் பயம் வந்தது.

"அம்மா, நாளைக்குச் சொந்தபந்தம் கூடிக் கேட்குமே, இவள் உனக்கு என்ன உறவு என்று. கூடப்பிறக்காத தங்கச்சி என்று சொல்லிவிடட்டுமா?"

"அடுத்த சந்தைக்கு இன்னும் நாலு பேர் வருவார்கள். எத்தனை பேரைத் தங்கச்சி ஆக்குவாய்? காளை விற்றவள் என்று சொல்."