மின்னல் நாவலர் கழுதையேறிய கதை

ஒரு காலத்தில் செங்கழுநீர் நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். காலையில் சொன்னதை மாலையில் மறப்பான்; தன் புகழை மட்டும் மறக்க மாட்டான். அவன் நாட்டில் காணாமல் போன மாட்டைப் பற்றி ஓலை எழுதினாலும், "ஏழ்கடல் கடந்து வாகை சூடி, எதிரிகள் நெஞ்சில் இடியாய் இறங்கிய கோளரிவர்மர்" என்று அவன் புகழை எழுதிவிட்டுத்தான் மாட்டுக்கு வரவேண்டும். உண்மையில் அவன் கடந்தது ஊர் ஏரியை. அதுவும் ஒரே தடவை, படகில்.

அரண்மனையில் ஓலை வாசிக்கும் வேலை தத்தைக்கு. எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து நிதானமாக வாசிப்பாள். படுத்த படுக்கையாய்க் கிடந்த கணவனுக்கு அந்த வேலையில்தான் கஞ்சி. அந்த வேலை மேல் கண் வைத்திருந்தார் அகளங்கர் என்ற அவைப்புலவர். ஓலையை ஒரு பார்வை பார்த்தாலே கடகடவென்று பொழிந்துவிடுவார். 'மின்னல் நாவலர்' என்று ராஜாவே பட்டம் கொடுத்திருந்தான்.

ஒருநாள் சபையில் அகளங்கர் எழுந்தார். "மகாராஜா, இவள் போர் ஓலையை வாசித்து முடிப்பதற்குள் எதிரி வந்து, நம் வீட்டில் சாப்பிட்டு, கையும் கழுவிவிடுவான்!"

சபை சிரித்தது. ராஜா தொடையைத் தட்டினான். "அப்படியானால் நாளைக்கு ஒரு பந்தயம்! ஒரே ஓலையை இருவரும் வாசியுங்கள். பிந்தி முடிப்பவர் கழுதையேறி ஊரை விட்டுப் போகட்டும். இந்த நிபந்தனையும் அந்த ஓலையிலேயே இருக்கட்டும்."

தத்தை ஓரடி முன்னால் வந்தாள். "ஓலையை நான் எழுதலாமா, அரசே?" என்று கேட்டாள்.

"இவள் எழுதினால் என்ன, எமன் எழுதினால் என்ன? எழுதட்டுமே!" என்றார் அகளங்கர்.

தத்தை அவரைப் பல நாள் கவனித்திருந்தாள். வாய் ராஜாவின் புகழைப் பாடும்போதே அவர் கண் ஓலையின் அடிவரிக்குப் போயிருக்கும். 'கண் பார்ப்பதற்கு முன்பே மனசு வாசித்துவிடுகிறது. அப்புறம் கண்ணுக்கு என்ன வேலை?' என்று நினைத்துக்கொண்டு எழுத்தாணியை எடுத்தாள்.

மறுநாள் காலை ஓலை முத்திரைக்குப் போனது. ராஜா ஒழுங்காகப் படித்தால் அவள் கழுத்து மிஞ்சாது. அவன் கண்ணை ஓட்டினான். "புகழை அழகாக எழுதியிருக்கிறாய்" என்று சொல்லி முத்திரை குத்தினான். அவளுக்குப் போன உயிர் வந்தது.

சபை கூடியது. அகளங்கர் கனைத்தார். "ஏழ்கடல் கடந்து வாகை சூடி, எதிரிகள் நெஞ்சில் இடியாய் இறங்கிய கோளரிவர்மர் ஆணை. பிந்தி முடித்தவர் கழுதையேறுக!" ராஜா வாயில் போட்ட வெற்றிலை சிவக்கவில்லை, அதற்குள் வாசிப்பு முடிந்துவிட்டது.

தத்தை ஓலையில் விரலை வைத்தாள். "ஏரியைக் கடந்து... வாந்தி எடுத்து... எதிரிகள் வந்தால்... கட்டிலுக்கு அடியில் பதுங்கிய... கோளரிவர்மர்..."

சேனாபதி சிரிப்பை இருமலாக மாற்ற முயன்று தோற்றார்.

"இவள் தலையை வாங்குங்கள்!" என்று அலறினான் ராஜா.

"தலையை அப்புறம் வாங்கலாம், அரசே. முதலில் ஓலையை வாங்குங்கள்."

ராஜா வெடுக்கென்று பிடுங்கி வாசித்தான். "ஏழ்கடல் கடந்து, வாகை சூடி... சரியாகத்தானே இருக்கிறது!"

"அது ஓலையில் இல்லை, அரசே. தங்கள் மனசில் இருக்கிறது. தங்கள் பெயரில் தொடங்கிப் பின்னோக்கி வாசித்துப் பாருங்கள்."

"கோளரிவர்மர்... பதுங்கிய... அடியில்... கட்டிலுக்கு..." ராஜாவின் முகம் செத்தது. "இதற்கு ஒப்புதல் கொடுத்தவன் எவன்?"

"கீழே இருக்கும் முத்திரை தங்களுடையது."

படிக்காமல் முத்திரை வைத்தேன் என்று எந்த ராஜாதான் சபையில் சொல்வான்? கோளரிவர்மன் மீசையைத் தடவினான். "நமக்குத் தெரியாதா? படித்துப் பார்த்துத்தான் வைத்தோம். சபையைச் சோதித்தோம்."

தத்தை கைகூப்பினாள். "அப்படியானால் அடுத்த வரியும் தங்கள் ஆணைதான். 'முந்தி முடித்தவர் கழுதையேறுக. பிந்தி முடித்தவர் பணியில் நீடிக்க.'"

அகளங்கர் பாய்ந்து ஓலையைப் பறித்தார். பிறந்தது முதல் செய்யாத வேலையாக, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து வாசித்தார். அதற்குள் வாசலில் கழுதை வந்துவிட்டது.

ராஜாவுக்கு உள்ளூர அவள் மேல் மதிப்பு வந்துவிட்டது. "தத்தைக்கு ஒரு கறவைப் பசு!" என்றான். எழுத்தர் பரிசு ஓலையை எழுதி நீட்ட, ராஜா முத்திரை குத்தி அவளிடம் கொடுத்தான். அவள் மெல்ல வாசித்தாள். அந்தச் சபையில் எந்தப் பரிசும் அகளங்கர் வீட்டைத் தவிர வேறு வீட்டுக்குப் போனதில்லை. எழுத்தரின் கை பழகிய பெயரையே எழுதியிருந்தது.

"அரசே, பசு மின்னல் நாவலர் வீட்டுக்கல்லவா போகிறது? இதையும் படித்துப் பார்த்துத்தான் முத்திரை வைத்தீர்களா?"

ஆமென்றால் பசு அகளங்கருக்கு. ராஜா சபையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், முத்திரையைக் கீழே வைத்தான்.

"இல்லை தத்தை. படிக்கவில்லை."

கோளரிவர்மன் செய்த வீரச்செயல் என்று சொல்ல அது ஒன்றுதான் உண்டு. அதை மட்டும் யாரும் எந்த ஓலையிலும் எழுதவில்லை.