ரெமிஜியுஸ் வாங்கிய கம்ப்யூட்டர்

ராமநாதபுரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் தாட்சாயணி டீச்சர் வீடியோ எடிட்டிங் சொல்லிக்கொடுத்து வந்தார். சென்னையில் பல வருடம் ஆவணப்படங்களுக்கு எடிட்டராக இருந்தவர். வயது நாற்பதைத் தொடவில்லை. பேச்சு குறைவு.

அவரிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் ரெமிஜியுஸ். தோமையார்குடாவில் சங்கு குளிக்கிறவர். ஐம்பது தாண்டிவிட்டது, தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் வகுப்பில் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவார்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவர் மட்டும் நின்றார்.

"டீச்சர், கம்ப்யூட்டர்ல எது பெருசு?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். ரெமிஜியுஸ் விஷயத்தைச் சொன்னார்.

அவர்கள் ஊருக்கு வடக்கே, கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலுக்கு அடியில் பெரிய புல்வெளி ஒன்று இருந்தது. கடல்புல். மீன் குஞ்சு பொரித்து வளர்வது அங்கேதான். விசைப்படகுகள் அதன் மேல் மடி வலையை இழுத்து இழுத்துப் பாதி புல் வேரோடு போய்விட்டது. மிச்சத்தையாவது விட்டுவைப்போம் என்று ரெமிஜியுஸ் ஊர்க்கூட்டத்தில் பேசிப் பார்த்தார். படகுக்காரர் பெலவேந்திரன் எழுந்து, நீ சொல்வதெல்லாம் தண்ணிக்கு அடியில் இருக்கிறது, எவன் பார்த்தான் என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

ஆனால் அவரிடம் ஒன்று இருந்தது. கடலை ஆராய வந்தவர்கள் போகும்போது, நெற்றியில் கட்டிக்கொள்ளும் சின்னக் கேமரா ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டுதான் அவர் இத்தனை காலம் முங்கினார். சங்கு பொறுக்கும்போது கழற்றி ஒரு கல்லில் சாய்த்து ஓடவிட்டு வைப்பார். புல்வெளியெல்லாம் அதில் பதிவாகியிருந்தது. ஆவுளியாவும் இருந்தது. மற்றவர்கள் கடல்பசு என்று சொல்வார்களே, அது. குட்டியோடு.

அதைப் படமாக்கி ஊருக்குக் காட்டட்டும் என்று ஊர்க் கமிட்டி கம்ப்யூட்டர் வாங்கக் கொஞ்சம் பணம் ஒதுக்கியது. அதோடுதான் தொல்லை ஆரம்பித்தது. ஒரு கடையில், கிராபிக்ஸ் கார்டுதான் எல்லாம் என்றார்கள். இன்னொரு கடையில், பிராசஸர் நன்றாக இல்லாவிட்டால் கார்டு சும்மா என்றார்கள். தங்கை மகன் ஃபோனில், மெமரியைக் கூட்டுங்கள் மாமா என்றான். ஒன்றைப் பெரிதாக வாங்கினால் மற்றதற்குப் பணம் இல்லை. அதனால்தான் கேட்கிறேன், எது பெருசு என்றார்.

டீச்சர் வேறொன்று கேட்டார்.

"எடுத்ததையெல்லாம் பார்த்துட்டீங்களாண்ணே?"

"நான்தானே டீச்சர் எடுத்தேன்."

"எடுத்தீங்க. பார்த்தீங்களா?"

ரெமிஜியுஸ் பையிலிருந்து டிஸ்கை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. டைப் அடிக்கப் பழகுகிறவர்கள் தட்டுவது. ரெமிஜியுஸின் படங்களை அப்படியே ஓட்டுவதற்கு அதற்குத் தெம்பில்லை. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நகல் போட்டுக் கொடுத்தார். அத்தனை பெரிய கடல் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி, ஓரமெல்லாம் மங்கிப்போய்த் திரையில் வந்தது.

"எதையும் வெட்டாதீங்க. பாருங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் கீழே போய்விட்டார்.

ரெமிஜியுஸுக்கு முகம் வாடிவிட்டது. கம்ப்யூட்டர் வாங்க யோசனை கேட்க வந்தவனை இப்படிக் குப்பை மெஷினில் உட்கார வைத்துவிட்டாரே என்று இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தார். கடலுக்குப் போகாத நாளெல்லாம் பஸ் ஏறி வந்து உட்கார்ந்தார்.

மெஷின் நல்லபடியாக ஓடவில்லை. நடுநடுவே திக்கியது. மீன் கூட்டம் ஒன்று திரும்புகிற இடத்தில் அப்படியே நின்றது. அவர் மேஜையைத் தட்டினார், பல்லைக் கடித்தார். கீழே மில் ஓடுகிற அதிர்வில் திரையும் லேசாக நடுங்கியது.

அப்படித்தான் ஒரு பிற்பகல், ஆவுளியா வருகிற இடத்தில் படம் நின்றது.

அந்தத் தாயை அவர் கடலுக்குள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஆனால் தண்ணிக்குள் அவருக்கு ஒரு மூச்சுதான். கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி மனசு மேலே போவதில் இருக்கும். பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டு மேலே வந்துவிடுவார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, இஷ்டத்துக்கு மூச்சு விட்டுக்கொண்டு, அந்த நின்றுபோன படத்தையே பார்த்தார்.

தாய்க்குப் பின்னால் புல்லில் நீளமாக ஒரு தடம் இருந்தது. நங்கூரம் இழுத்த தடம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அது தாய் மேய்ந்த தடம். குட்டி அந்தத் தடத்தின் ஓரத்திலேயே வாயை வைத்துக்கொண்டு பின்னால் வந்தது.

படம் மறுபடி ஓடியது. தாய் மூச்சு விட மேலே போனது. குட்டியும் ஒட்டிக்கொண்டு போனது. இரண்டும் இறங்கின. கொஞ்ச நேரத்தில் குட்டி மட்டும் மறுபடி மேலே கிளம்பியது. சின்ன நெஞ்சு, அதற்கு மூச்சு அவ்வளவுதான். தாய் அப்போதுதான் மூச்சு வாங்கிவிட்டு வந்திருக்கிறது. வாயில் புல் இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தாயும் கூடவே எழுந்தது.

ரெமிஜியுஸ் அடுத்த படத்தைப் போட்டார். அதிலும் அப்படித்தான். வேறொரு நாள் எடுத்தது, அதிலும். குட்டி எத்தனை தடவை ஏறியதோ அத்தனை தடவை தாய் ஏறியது. ஒரு தடவைகூடக் குட்டி தனியாகப் போகவில்லை.

அவருடைய தலைக்கு மேலேதான் இதெல்லாம் நடந்திருக்கிறது. அவர் கீழே சங்கு பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

டீச்சர் மேலே வந்தபோது ரெமிஜியுஸ் திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் இருந்துகொண்டே அவர் மூச்சை அடக்கியிருந்தார். டீச்சர் கதவருகே நின்று காத்திருந்தார். அவர் மூச்சை விட்ட பிறகுதான் கேட்டார்.

"இந்த மெஷின்ல எது போதலைண்ணே?"

ரெமிஜியுஸ் யோசித்துச் சொன்னார். சில இடத்தில் பச்சையாகத் தெரிவது புல்லா, கலங்கின சேறா என்று இந்தத் திரையில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இன்னொன்று, எல்லாம் ஒரே டிஸ்கில் இருக்கிறது. இன்றைக்கு அதைக் கழற்றி மாட்டும்போது கீழே விழப் பார்த்தது. அது போய்விட்டால் அந்தக் குட்டியைத் திரும்பவும் குட்டியாகப் பார்க்க முடியாது.

"அப்போ கடைக்குப் போகலாம்" என்றார் டீச்சர்.

கடையில் டீச்சர் நடுத்தரமான பிராசஸர் ஒன்றை எடுத்தார். படத்தைத் திரையில் காட்டுகிற வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். மெமரி அளவாக. வேலை செய்வதற்கு வேகமான டிஸ்க் ஒன்று, சின்னது. எடுத்த படங்களை இரண்டு பிரதியாக வைக்கப் பெரிய டிஸ்க் இரண்டு. கரையோரத்தில் கரண்ட் ஏறி இறங்கும் என்பதால் பவர் சப்ளை மட்டும் நல்லதாகக் கேட்டு வாங்கினார்.

மானிட்டருக்குத்தான் நேரம் ஆயிற்று. கடையிலிருந்த ஒவ்வொரு மானிட்டரிலும் புல்வெளிப் படத்தை ஓடவிட்டு, ரெமிஜியுஸை முன்னால் நிறுத்தினார். அதே விலைக்கு இதைவிட அகலமானது இருக்கிறதே என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். ரெமிஜியுஸ் அதைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையாட்டினார், சின்னதாக இருந்த ஒன்றின் முன் போய் நின்றுகொண்டார்.

"இதுலதான் தண்ணி எங்க தண்ணி மாதிரி இருக்கு."

பணம் அதோடு சரியாகப் போயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, கிராபிக்ஸ் கார்டு வாங்கவில்லையே என்று ரெமிஜியுஸ் மெதுவாகக் கேட்டார்.

"உங்க படத்துல எதுவும் வெடிக்கப் போறதில்லையே" என்றார் டீச்சர்.

சின்ன நகல்களை வைத்தே ரெமிஜியுஸ் படத்தை வெட்டினார். பலதையும் தூக்கிப் போட்டார். தாயும் குட்டியும் ஏறி இறங்குவதை மட்டும் எங்கேயும் வெட்டாமல் அப்படியே விட்டார். கடைசியில் நகலுக்குப் பதில் அசல் படங்களை வைத்து, முழுப்படத்தையும் உருவாக்கும்படி மெஷினுக்குச் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனார். திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு முடித்த பிறகும் அது வேலை செய்துகொண்டிருந்தது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அடுத்த ஊர்க்கூட்டத்தன்று மாலை, கோயில் மண்டபத்து வெள்ளைச் சுவரில் படத்தைக் காட்டினார்கள். டீச்சரும் வந்து பின்னால் சுவரோரமாக நின்றார். ஆரம்பத்தில் பேச்சும் இருமலுமாக இருந்தது. சுவர் முழுக்கப் புல் அசைந்தபோது பேச்சு குறைந்தது. மீன் விற்கிற பெண்கள் எழுந்து முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் யாரும் கடலுக்கு அடியைப் பார்த்ததில்லை.

தாய் வந்தது. குட்டி வந்தது. தாய் ஏறியது, இறங்கியது, வாயில் புல்லோடு மறுபடி ஏறியது. வயதான ஒருத்தி பக்கத்திலிருந்த தன் புருஷனிடம், இதுக்கு மேலதான் இத்தனை வருசமா போயிட்டு வர்றீங்களா என்று கேட்டாள்.

படம் முடிந்ததும் பெலவேந்திரன் எழுந்தார். சண்டைக்குத்தான் எழுகிறார் என்று ரெமிஜியுஸ் நினைத்தார்.

"அது ஏறி எறங்குறதை இன்னொருக்கா போடு."

போட்டார். பெலவேந்திரன் நின்றுகொண்டே பார்த்தார். முடிந்த பிறகும் உட்காரவில்லை. தன் படகு இரண்டும் அந்தப் பக்கம் இனி மடி இறக்காது, சுற்றிப் போகும் என்றார். வேறு இரண்டு படகுக்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் கையைத் தூக்கினார்கள். புல்வெளியை விட்டுவைப்பது என்று முடிவாயிற்று.

கமிட்டித் தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் பணம் தருகிறோம், மெஷினைப் பெரிதாக்கு என்று ரெமிஜியுஸின் தோளைத் தட்டினார்.

ரெமிஜியுஸ் பின்னால் போனார். விளக்கெல்லாம் போட்டாயிற்று. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. டீச்சர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, ஒன்றும் இல்லாத அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் நனைந்திருந்ததை ரெமிஜியுஸ் அப்போதுதான் கவனித்தார்.

"டீச்சர், மறுபடி பணம் தர்றாங்களாம். அடுத்து என்ன வாங்கணும்?"

டீச்சர் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுண்ணே. எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"