மணியக்காரர் பூசிய அத்தர்

பூவலூர் ஜமீனில் விசிறி வீசும் வீராசாமி வாயைத் திறந்தால் போதும், ஜமீன்தார் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அதைப் பார்க்கப் பார்க்க மணியக்காரர் சடையப்பருக்கு வயிறு எரியும். அத்தர் வாடை வீராசாமிக்கு ஆகாது, மூச்சு முட்டித் தும்முவான் என்று தெரிந்ததும், மனிதர் மறுநாள் அத்தரிலேயே குளித்த மாதிரி வந்து நின்றார்.

"சபையில் தும்மினாயோ, உன் வேலை போச்சுடா!" என்று அவன் காதில் உறுமிவிட்டு, ஜமீன்தாரைக் கும்பிட்டார். "எஜமான், கோயில் தர்மகர்த்தா பதவியை என் மைத்துனனுக்கு..."

"அச்சு!"

சகுனம் பார்க்கிற ஜமீன்தாரின் முகம் சுருங்கியது. "கேட்கும்போதே தும்மலா? அந்தப் பேச்சை விடும். ஏண்டா தும்மினாய்?"

"என்னவோ சாமி, வேறு யார் பேசினாலும் வருவதில்லை. இவர் ஏதாவது கேட்டால்தான் வருகிறது" என்றான் வீராசாமி, பணிவாக.

"சகுனமில்லை எஜமான்!" என்று பதறினார் சடையப்பர். "எல்லாம் என் அத்தர்தான்! இவனைத் தும்ம வைக்கத்தான் பூசிக்கொண்டு வந்தேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வாரும்" என்றார் ஜமீன்தார்.

சீயக்காய் தேய்த்துக் குளிக்கும்போது, உள்ளேயிருந்து ஜமீன்தாரின் வெடிச்சிரிப்பு கேட்டது. மணியக்காரருக்கு வாடை போய்விட்டது, வயிற்றெரிச்சல்தான் போகவில்லை.